மழையே இல்லை, டிராக்டர் ஏன் நனைந்தது?

புது டிராக்டர் வந்தாயிற்று. அதற்கென்று தகரக் கொட்டகையும் போட்டாயிற்று. மார்கழி விடியலில் போய்ப் பார்த்தால் பானட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கூரையில் ஓட்டை தேடுவார்கள். இருக்காது.

மேகமில்லாத இரவில் கூரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தகடோ அரை மில்லிமீட்டர் கனம். கைவசமுள்ள வெப்பம் சீக்கிரம் தீர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். தகட்டைத் தொட்டுக் குளிர்ந்த காற்று, தாங்க முடியாததை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஐஸ் மோர் டம்ளர் வியர்ப்பதும் இப்படித்தான். (பழைய ஓலைக் கொட்டகையில் இந்தத் தொல்லை கிடையாது; ஓலை அவ்வளவு குளிராது, ஈரத்தையும் உறிஞ்சும்.)

மண் தரை என்றால் கேட்கவே வேண்டாம், இரவெல்லாம் ஈரம் மேலே வரும். கான்கிரீட் போடும்போதே அடியில் பாலித்தீன் விரிக்கலாம். தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு நல்லது, ஆனால் செலவு. முகட்டிலும் சுவரடியிலும் காற்றுக்கு வழி விடுவதே மலிவு.

டீசல் டேங்கிலும் இதே கதைதான். பாதி காலியாக நிறுத்தினால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி, டீசலைவிடக் கனமென்பதால் அடியில் தங்கும். மாலையிலேயே நிரப்பிவிடுங்கள்.