பறவைக்குத் தீனி போடுவது ஒரு வேலையா?

வாரா வாரம் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மடித்து வைப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மா மகள் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரே பெண், வயது 25. போன வருடம் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் சிவராத்திரி திருவிழாவுக்குத் தாயும் மகளும் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். வந்த இடத்தில் ஒரு வரனும் கூடி வந்தது. பையனுக்கு அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. பெற்றோர் பெரியகுளம் பக்கம். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலையில் பெண்ணுக்குத் தோடு போடப் பார்த்தால் காதுத் துளை தூர்ந்து கிடக்கிறது! ஈர்க்குச்சியில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் திறந்தேன். “வேலையில தோடு, வளையல் எதுவும் போடக்கூடாது சித்தி, கிளி இழுத்துப் பிய்ச்சிடும்” என்றாள். அப்போதுதான் எனக்குள் ஒரு பயம். இவள் பார்ப்பது பறவைப் பூங்காவில் வேலை. வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பையனின் அம்மா வந்து உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கியதும் அதைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, “ஒரு பெரிய பூங்கா ஆபீசுல மேற்பார்வை” என்று சொல்லிவிட்டேன். பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இல்ல அத்தை, ஆபீஸ் இல்ல. பறவைகளைப் பராமரிக்கிற வேலை. தீனி வெட்டுவேன், கூண்டு கழுவுவேன், மருந்து கொடுப்பேன்” என்று சொல்லி, ஆள்காட்டி விரலில் பஞ்சவர்ணக்கிளி கடித்த தழும்பையும் காட்டினாள்.

“பறவை எச்சம் அள்ளுற வேலையா? நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தா அந்தக் கையாலதான் சோறு ஊட்டுவியா? கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுரு தாயி” என்றார் அந்த அம்மா.

“ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுறவ அத்தை நான். வேலையை மட்டும் விட முடியாது” என்றாள் இவள், மரியாதையாகவே. வந்தவர்கள் “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்று கிளம்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் மேலல்ல, இவள் மேல்தான். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, “அப்படி என்னதான்டி இருக்கு அந்த வேலையில?” என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை.

சிங்கப்பூரில் ஜூரோங் பறவைப் பூங்கா என்று ஒன்று 1971 ஜனவரி 3-ல் திறந்து, 2023 ஜனவரி 3-ல் மூடினார்களாம். சரியாக 52 வருடம்! இவள் கால்நடை மருத்துவ உதவிக்கான டிப்ளமோ முடித்து 2021-ல் அங்கே சேர்ந்தாள். மூடிய பிறகு பறவைகளை மண்டாய் என்ற இடத்தில் கட்டிய ‘பேர்ட் பாரடைஸ்’ என்ற புதுப் பூங்காவுக்குக் கொண்டுபோய், 2023 மே 8-ல் திறந்தார்கள். 400 வகையில் 3,500 பறவைகள். நாம் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றுவதற்குள் எத்தனை பாத்திரம் நசுங்குகிறது? உயிருள்ள பறவை பயந்து படபடத்தாலே சில சமயம் செத்துப்போகுமாம். அதனால் பிடித்து அடைக்காமல், பெட்டிக்குள் தானாக நடந்து போக முன்கூட்டியே பழக்குவார்களாம்.

விடிந்ததும் முதல் வேலை சமையலறை. ஆம், அங்கேயும் சமையலறைதான்! பப்பாளி, ஆப்பிள், கீரை எல்லாம் அந்தந்தப் பறவையின் அலகுக்குத் தக்க அளவில் நறுக்க வேண்டும். தேன்கிளிக்குத் தேன்பாகு மாதிரி கரைசல். கழுகு, ஆந்தைக்கு ஐஸிலிருந்து எடுத்த எலி, கோழிக்குஞ்சு. பென்குயினுக்கு மீன். ஐஸில் கிடந்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும் என்பதால் மாத்திரையை மீனுக்குள் செருகிக் கொடுப்பார்கள். கோடியக்கரைக்கு வரும் பூநாரை இருக்கிறதே, அதற்கு அந்த இளஞ்சிவப்பு நிறமே தீனியிலிருந்துதான் வருகிறதாம். நிறச்சத்து குறைந்தால் வெளுத்துவிடும். போட்டதை எழுதி வைப்பதோடு, மிச்சம் வைத்ததையும் நிறுத்து எழுத வேண்டும். (என் வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பதை எழுதினால் ஒரு நோட்டு பத்தாது.)

தாய் அடைகாக்காத முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரிப்பார்கள். கண் திறக்காத குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து ராத்திரி வரை இரண்டு மணிக்கொரு தரம் ஊசி போடும் குழாயால் கூழ் ஊட்ட வேண்டும். ஊட்டுமுன் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பார்த்து, முன்பு கொடுத்தது இறங்கியிருந்தால்தான் அடுத்தது. கூழ் சூடு கூடினால் வெந்துவிடும், ஆறினால் செரிக்காது. தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. பிள்ளை பெற்ற வீட்டில் நாம் பார்க்காத வேலையா இது?

பயமும் உண்டு. கசோவரி என்று ஆள் உயரப் பறவை, கால் விரலில் கத்தி மாதிரி நகம். அதைப் பக்கத்து அறையில் அடைத்துத் தாழ் போட்ட பிறகுதான் உள்ளே போவார்களாம்.

எனக்கு மறக்க முடியாதது இருவாச்சி கதை. நம் மேகமலைக் காட்டிலும் இருக்கிறதே, அதே பெரிய இருவாச்சி. ஜூரோங்கில் ‘ஜாரி’ என்று பெயர் வைத்த, 22 வயதான ஒரு இருவாச்சிக்கு 2018-ல் மூக்கின் மேலுள்ள கொண்டையில் புற்றுநோய். கொண்டையை அறுத்தெடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அளவெடுத்து அச்சு இயந்திரத்தில் செய்த புதுக் கொண்டையைத் திருகு ஆணியால் பொருத்தினார்கள். மறுநாளே அது சாப்பிட்டதாம். இருவாச்சிக்கு வாலடியில் மஞ்சள் எண்ணெய் சுரக்கும், அதைக் கொண்டையில் பூசிக்கொள்வது அதன் வழக்கம். ஜாரி அந்தப் புதுக் கொண்டையையும் வாலடியில் தேய்த்து மஞ்சள் பூசிக்கொண்டது! இவள் வேலைக்குச் சேருமுன் நடந்தது என்றாலும், சொல்லும்போது இவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

“இதுல கஷ்டமான வேலை எதுடி?” என்றேன். “பார்க்கிறதுதான் சித்தி” என்றாள். பறவை தன் நோயை மறைக்குமாம். காட்டில் சோர்ந்து நின்றால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும், அதனால் கடைசி வரை நன்றாக இருப்பதுபோல நடிக்கும். கொஞ்சம் இறகை உப்பிக்கொண்டு நிற்பது, ஒரு துண்டு பப்பாளி குறைவது, எச்சத்தின் நிறம், இதையெல்லாம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் அம்மாமார் காய்ச்சலை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கொல்லைப்புறம் டீ டம்ளரோடு நின்றவள், “சித்தி, அந்தச் செவலைக் கோழியை உடனே தனியா அடைங்க” என்றாள். எனக்கு அது நன்றாகத்தான் தெரிந்தது. “நீயே பிடிச்சு அடையேன்” என்றால், “நான் தொடமாட்டேன், இங்கேயிருந்து நோய் அங்கே போயிடக்கூடாது” என்று பத்தடி தள்ளியே நின்றாள். அடைத்தேன். சாயங்காலமே பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, மறுநாள் செத்தது. கால்நடை டாக்டரிடம் சொன்னபோது, வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம் என்றார். பிப்ரவரி மாதம் முகாம் நடத்தி இலவசமாகவே தடுப்பூசி போடுகிறார்கள். சோம்பலில் விட்டது நான்தான். மற்ற ஏழு கோழிகளும் பிழைத்தன.

அவர்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துப் பையன் வீட்டிலிருந்து தகவல் வந்தது. வேலையை விடுவதாக இருந்தால் மேற்கொண்டு பேசலாமாம். அக்கா போனில் அழுதாள். அவளிடம் அன்றுதான், “நான் பொய் சொன்னது தப்புக்கா, அவ சரியாத்தான் சொன்னா” என்றேன். வரன் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் திடீரென்று பையனின் அம்மாவிடமிருந்து எனக்கு போன். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, “எங்க வீட்டுக் கோழி நாலு நாளா ஒரு மாதிரி உம்முன்னு நிக்குது. அந்தப் புள்ளகிட்ட என்னன்னு கேட்டுச் சொல்றியா தாயி?” என்றார். “முதல்ல அதைத் தனியா அடைச்சிட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவகிட்ட நீங்களே கேளுங்க மதினி” என்று சொல்லி நம்பரைக் கொடுத்தேன்.

இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்களாம். கோழியைப் பற்றி மட்டும்தானா என்று கேட்டதற்கு, கழுதை, சொல்ல மாட்டேன் என்கிறாள்.

— ஒரு வாசகி, கெங்குவார்பட்டி.