தோற்ற அணிக்கு முதல் தெரிவு

அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கான என்.எஃப்.எல்லில், முந்தைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே புதிய வீரர்களைத் தெரிவு செய்வதில் முதலிடம். சம்பியன் அணி வரிசையின் கடைசியில் நிற்கும். ‘ட்ராஃப்ட்’ எனப்படும் இத்தெரிவில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் பல்கலைக்கழக வீரர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

பலமான அணிகளே திறமைசாலிகளை அள்ளிக்கொண்ட காலத்தில், தோற்றுக்கொண்டிருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல் இதை முன்மொழிந்தார். முதல் ட்ராஃப்ட் 1936இல் நடந்தது.

ஒவ்வோர் ஆண்டும் இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து வாதிடுவார்கள். அணியின் இன்றைய ஓட்டையை அடைக்கும் வீரரை எடுப்பதா, இருப்பவர்களில் மிகச் சிறந்தவரை எடுப்பதா?

1998இல் வாதம் வேறு. பந்தை வீசி ஆட்டத்தை வழிநடத்தும் இருவரில் யார் சிறந்தவர்? 16 போட்டிகளில் 13இல் தோற்றிருந்த இண்டியானாபொலிஸ் அணி பெய்டன் மானிங்கை எடுத்தது. அடுத்த இடத்தைப் பெறுவதற்காக மறு ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவையும் விட்டுக்கொடுத்த சான் டியேகோ, ரயன் லீஃபை எடுத்தது. மானிங் பின்னர் இரு அணிகளுக்குச் சம்பியன் பட்டம் வென்று கொடுத்தார். லீஃப் 2001க்குப் பின் ஆடவேயில்லை.

2000இல் 199ஆவதாகத் தெரிவான டொம் பிரேடியோ ஏழு முறை சம்பியனானார்.

இம்முறையில் வீரருக்குத் தெரிவில்லை. எந்த நகரில் ஆடுவதென்பதை அணிகளே தீர்மானிக்கின்றன. தோற்ற அணிக்கோ முதல் வாய்ப்பு மட்டுமே உறுதி. அதைக்கொண்டு மீள்வது அதன் கணிப்பைப் பொறுத்தது.