கண்ணீர் பாக்கி!

ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிற ஆசாமியா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடமாகியிருக்கும். ஹாலில் யாரோ செத்திருப்பார்கள். பதறாதீர்கள், டி.வி.யில்தான்! திரையில் ஒருத்தி தலைவிரி கோலமாகக் கதறுகிறாள். சோபாவில் உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "பசிக்குதும்மா" என்றால், "இருடா, விளம்பரம் வரட்டும்" என்று பதில். நடுவில் நீங்கள், காலி டிபன் பாக்ஸும் கையுமாக.

இந்த இடத்தில் நாம் வழக்கமாக ஒரு ஜோக் அடிப்போம். 'கிளிசரின் கம்பெனிக்காரன் கோடீஸ்வரன் ஆயிட்டான்' ரகம். நானும் அடித்திருக்கிறேன். ஆனாலும் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அரை மணி நேர சீரியலில் விளம்பரம், நேற்று நடந்த கதை, டைட்டில் பாட்டு எல்லாம் போக, சுமாராக 20 நிமிஷம் கதை என்று வையுங்கள். வாரத்தில் ஆறு நாள். வருஷத்துக்கு 300 நாள். ஆக 6,000 நிமிஷம். அதாவது 100 மணி நேரம்! இரண்டரை மணி நேர சினிமா என்றால் வருஷத்துக்கு நாற்பது. நாற்பதிலும் அதே மருமகள், அதே வில்லி, பாலில் அதே விஷம். அம்மா பார்ப்பது ஒன்றல்ல, மூன்று சீரியல். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

'சீரியல்னாலே அழுகைதான், இதுல என்னய்யா புதுசு?' என்று கேட்பீர்கள். என் புகார் அழுகையைப் பற்றி இல்லை. இருட்டான கதையே கூடாது என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை.

1999-இல் 'சித்தி' வந்தபோதே தமிழ்நாடு குடும்பத்தோடு உட்கார்ந்து அழுதது. 2002-இல் 'மெட்டி ஒலி'. மனைவியை இழந்த ஒரு அப்பா, ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியையும் கட்டிக் கொடுத்துவிட்டு, எந்த வீட்டிலிருந்து எப்போது தகவல் வருமோ என்று தவிக்கிற மனுஷர். அவர்களில் சரோ மாமியாரிடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதைப் பார்த்து எங்கள் தெருவே அழுதது. அந்த அழுகைக்கு ஒரு நியாயம் இருந்தது. சரோ மாதிரி ஒருத்தி எல்லா தெருவிலும் இருந்தாள். 2020 லாக்டவுனில் அதையே மறுபடி போட்டபோது, கதை தெரிந்தும் ஜனம் உட்கார்ந்து பார்த்தது.

அப்புறம் 'எதிர்நீச்சல்'. 2022-இல் ஆரம்பித்தது. வீட்டுப் பெண்களை நிமிரவே விடாத ஆதி குணசேகரனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாரிமுத்து நடித்தார். "ஏம்மா... ஏய்!" என்று அவர் இழுத்த இழுப்பு, சீரியலே பார்க்காதவன் செல்போனுக்குள்ளும் நுழைந்தது. எங்கள் அம்மா திரையைப் பார்த்து நேரடியாகவே திட்டுவாள். "உன் நாக்கு அழுகிப் போக!" என்று ஒருநாள் சாபமே விட்டாள்.

2023 செப்டம்பர் 8. அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் டி.வி. ஓடவில்லை. "அவரைத்தானேம்மா தினமும் திட்டுவே?" என்றேன். "நான் திட்டினது குணசேகரனை. இவர் யாரோ பெத்த பிள்ளைடா. ரெண்டு குழந்தைங்களாம்" என்றாள். கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனம் என்று இவர்களைச் சொல்கிறவர்கள், தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வரவும். காபி உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் வேறொரு சீரியலில் ஒரு பெண்ணின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அம்மா விசும்பி விசும்பி அழுதாள். "எல்லாம் கிளிசரின்மா" என்றேன். அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அங்க கிளிசரின். இங்க இல்லடா."

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப சும்மா உக்காந்து அழுதா, என்னாச்சு ஏதாச்சுன்னு நீங்கள்லாம் பயந்துடுவீங்க. இதைப் பார்த்து அழுதா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்க" என்றாள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புருஷன் செத்த மூன்றாம் நாளே அந்த சீரியலில் சொத்துப் பத்திரத்தைத் திருட ஆள் வந்துவிட்டான். நாலாம் நாள் அந்தப் பெண்ணின் மேலேயே கொலைப் பழி. அடுத்த வாரம் ஜெயில். அவள் தனியாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு இறங்காமல் தவிக்கிற ஒரு காட்சி கிடையாது. போனவனின் சட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒரு நிமிஷம் கிடையாது. அம்மா தன் துக்கத்தைக் கொண்டுபோய் எந்த வீட்டு வாசலில் வைத்தாளோ, அந்த வீட்டில் துக்கத்துக்கு நேரமே இல்லை! 100 மணி நேரம் இருந்தும் இல்லை.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். லண்டனிலும் நடந்திருக்கிறது. பி.பி.சி.யில் 1985 முதல் ஓடுகிற 'ஈஸ்ட் எண்டர்ஸ்' சீரியலில், 2010 டிசம்பர் 31 அன்று, தொட்டிலில் தூங்கிய ஒரு பச்சைக் குழந்தை செத்துப்போனது. பெற்றவள் அதை எடுத்துப்போய் இன்னொருத்தியின் தொட்டிலில் கிடத்திவிட்டு, அங்கிருந்த உயிருள்ள குழந்தையைத் தூக்கி வந்துவிட்டாள். பி.பி.சி.க்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. நிஜத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களும் கொதித்தார்கள். குழந்தை சாவதை ஏன் காட்டினாய் என்பதல்ல அவர்கள் கேள்வி. பறிகொடுத்தவளை ஏன் திருடி ஆக்கினாய் என்பதுதான். கதையில் அந்தக் குழந்தை பெற்றவளிடம் திரும்பிச் சேர 2011 ஏப்ரல் ஆனது.

அந்தத் தாய்மார்கள் கேட்டதும் எங்கள் அம்மா கேட்காமல் விட்டதும் ஒன்றுதான். துக்கத்தைக் காட்டு. ஆனால் அதை அடுத்த திருப்பத்துக்குப் படிக்கட்டாக்காதே.

ஏன் இப்படி ஆகிறது? இதற்கும் கணக்குதான் காரணம். தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, வாராவாரம் ரேட்டிங் வருகிறது. வியாழக்கிழமை வந்தால் சீரியல்காரர்களுக்குப் பரீட்சை ரிசல்ட் மாதிரி. மார்க் குறைந்தால் அடுத்த வாரம் கதையில் ஒரு விபத்து, ஒரு கடத்தல். ஏறினால், கதை முடிந்தாலும் முடியாது. 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடி, 1,500 எபிசோடைத் தாண்டியது. எப்போது முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாத கதையில், கதாநாயகியின் கஷ்டம் மட்டும் எப்படி முடியும்? எங்கள் பாஷையில் சொன்னால், 'கேரி ஃபார்வர்ட்'. வில்லியின் பாவம் போன வருஷக் கணக்கிலிருந்து இந்த வருஷத்துக்கு வரும். இங்கிருந்து அடுத்த வருஷத்துக்குப் போகும். கடைசி நாள், கடைசி பத்து நிமிஷத்தில் வில்லிக்குப் பைத்தியம் பிடிக்கும், அல்லது திருந்திக் காலில் விழுவாள். ஆறு வருஷப் பாக்கியைப் பத்து நிமிஷத்தில் பைசல் பண்ணுகிற கம்பெனியை எந்த ஆடிட்டர் சார் விடுவார்?

பாவம் அந்த மீட்டர். டி.வி. எந்த சானலில் ஓடியது என்று சொல்லும். பார்த்தவள் எதற்காக அழுதாள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பார்க்கிறவர்கள் வாயில்லாப் பூச்சிகள் என்றும் இல்லை. டி.வி. நிகழ்ச்சிகள் பற்றிய புகார்களைக் கேட்கவென்றே, சானல்கள் சேர்ந்து 2011-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கவுன்சில் அமைத்தன. எழுத நினைத்தால் நாமும் எழுதலாம். ஆனால் எங்கள் அம்மா எந்தக் கவுன்சிலுக்கும் எழுதப்போவதில்லை. ரிமோட்டைத் தேடுவாள், சேனலை மாற்றுவாள், அங்கேயும் ஒருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிக்கொண்டிருப்பாள்.

அதனால் சீரியல் எழுதுகிற அண்ணன்மார்களுக்கு அம்மா சார்பில் நான் ஒரு மனு வைக்கிறேன். விஷம் வையுங்கள், லாரி ஏற்றுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு சாவுக்கு ஒரே ஒரு எபிசோடாவது துக்கம் அனுஷ்டியுங்கள். பத்திரம் வேண்டாம், பழி வேண்டாம், இடி மாதிரி பின்னணி இசையும் வேண்டாம். அந்தப் பெண் 20 நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

ஆபீஸிலிருந்து லேட்டாக வருகிற தம்பிமார்களுக்கும் ஒன்று. அடுத்தமுறை சீரியல் பார்த்து வீட்டில் யாராவது அழுதால், கிளிசரின் ஜோக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். சோறு எங்கும் ஓடிப்போகாது. விளம்பரம் எப்படியும் வரும்!