உஷார்! காதில் இயர்போன், காலடியில் தண்டவாளம், போனில் ‘லீக்’ பேப்பர்

ஊரப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, பிடிஇ என்று ஏதோ ஓர் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளே! இதைப் படித்து முடிக்கும்வரை அந்த இயர்போனைக் கொஞ்சம் கழற்றி வையுங்கள்.

நர்ஸிங் முடித்துவிட்டு இங்கிலாந்து வேலைக்கு முயல்கிறவர்கள், காட்டாங்குளத்தூர், வண்டலூர் பக்கம் இன்ஜினீயரிங் முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள், ஐடி வேலையில் இருந்துகொண்டே கனடாவுக்கு வழி பார்க்கிறவர்கள்... எல்லோரையும் மிரட்டுவது லிஸ்னிங் பகுதிதான். ஐஇஎல்டிஎஸ்ஸில் சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள். ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். ரீடிங் பகுதியில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம். இங்கே விட்டால் விட்டதுதான். அந்தப் பயம் வந்ததும் மனசு குறுக்குவழி தேடுகிறது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

உயிரோடு விளையாடாதீர்கள்

ரயில் பாதை ஊரப்பாக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. செங்கல்பட்டு மின்சார ரயில்கள் மட்டுமல்ல, எழும்பூரிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களும் இந்தத் தடத்தில்தான் பறக்கின்றன. 2023 அக்டோபரில் இதே ஊரில் தண்டவாளத்தில் ரயில் மோதி மூன்று சிறுவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் இருவருக்குக் காது கேட்காது. அந்த இருவருக்கும் ஹாரன் கேட்க வழியே இல்லை. நமக்கோ காது நன்றாகத்தான் இருக்கிறது. அதில் நாமே ஒரு லெக்சரை அடைத்துக்கொண்டு, ‘நாய்ஸ் கேன்சலேஷ’னையும் போட்டுவிட்டுத் தண்டவாளத்தில் இறங்கினால் என்ன அர்த்தம்?

தண்டவாளத்தில் அத்துமீறி இறங்கினால் ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தண்டனை கிடக்கட்டும், லிஸ்னிங் பயிற்சி செய்கிறவரின் கவனம் முழுக்க அடுத்த வார்த்தையைப் பிடிப்பதில் இருக்கும். பாட்டு கேட்டுக்கொண்டு நடப்பதைவிட இது ஆபத்து.

ரயிலுக்குள் ஏறிவிட்டால் இன்னொரு சிக்கல். பெட்டிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்: பெரியவர்களின் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறையும். வண்டியில் கேட்பதை, ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்க் வாங்கித் தரும் பயிற்சி, அறையில் உட்கார்ந்து கையில் பேனாவோடு செய்வதுதான்.

‘கீ ரெடி ப்ரோ’

அடுத்த ஆபத்து டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும். ‘இந்த சனிக்கிழமை லிஸ்னிங் கீ ரெடி ப்ரோ. ஹண்ட்ரட் பர்சன்ட் ஷ்யூர். பாதி அட்வான்ஸ், மீதி ரிசல்ட்டுக்கு அப்புறம்’. இந்த ரகத்தில்தான் மெசேஜ் இருக்கும். கூடவே யாரோ ஒருவருடைய 8.5 மார்க் ஷீட் படம்.

நிதானமாக யோசியுங்கள். கம்ப்யூட்டரில் நடக்கும் தேர்வுக்கு வாரத்தில் பல நாள் தேதி கிடைக்கிறது. ஒரே கேள்வித்தாளை வைத்து அவ்வளவு நாளும் ஓட்ட முடியாது, பல செட் சுழலும். பணம் கட்டிய பிறகு பழைய மாதிரித் தேர்வு ஒன்றின் விடையை அனுப்பிவிட்டு, குரூப்பையே கலைத்துவிட்டுப் போவது அவர்களுக்குப் பெரிய காரியமா? ஏமாந்தவர் போலீசுக்கும் போகத் தயங்குவார்; ‘லீக் பேப்பர் வாங்கப் பணம் கொடுத்தேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு முதலீடு.

‘பரீட்சையே எழுத வேண்டாம், 7.5 சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்’ என்பது இன்னும் பெரிய புளுகு. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் தாளில் ஒரு எண் இருக்கும். பல்கலைக்கழகமும் தூதரகமும் அந்த எண்ணைப் போட்டு ஆன்லைனில் நேரடியாகச் சரிபார்க்கும். போலி அங்கேயே பல்லிளிக்கும்.

‘சென்டரையே கையில் போட்டுக்கொண்டு தேர்ச்சி பெற்றவர்கள் இல்லையா?’ என்று கேட்பீர்கள். அவர்கள் கதையையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்க-கனடா எல்லையில், செயின்ட் ரெஜிஸ் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து குஜராத் இளைஞர்கள் ஆறு பேரை மீட்டார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் நீதிபதி ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தி மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர்களில் மெஹ்சானா மாவட்டத்தைச் சேர்ந்த நான்கு பேர் ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 முதல் 7 வரை வாங்கியவர்கள்! விவகாரம் மெஹ்சானா போலீசுக்கு வந்தது. நவ்சாரியில் ஒரு விருந்து மண்டபத்தில் 2021-ல் அவர்கள் எழுதிய தேர்வைப் போலீஸ் தோண்டியபோது, சிசிடிவி கேமராக்களை அணைத்துவிட்டுத் தேர்வு நடந்தது என்ற விவரம் வெளியே வந்தது. மார்க் ஷீட்டில் இருந்த ஆங்கிலம் காதில் இல்லை. கோர்ட்டில் அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிடப் பயங்கரம். 2014 பிப்ரவரியில் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, விசாவுக்கான டோயிக் தேர்வில் நடந்த தில்லுமுல்லுகளைப் படம்பிடித்துக் காட்டியது. மாணவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் எழுதினார்கள். தேர்வு அறையில் விடைகளைச் சத்தமாகவே வாசித்தார்கள். அதன் பிறகு 33,000-க்கும் மேற்பட்ட தேர்வு முடிவுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தப்பே செய்யாத பலரும் அதில் மாட்டி, ‘நான் நேர்மையாக எழுதியவன்’ என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள். சந்தேகத்துக்குரிய சென்டரில் கால் வைப்பதுகூட எங்கே கொண்டுபோய் விடும், பாருங்கள்.

மாட்டினால் என்ன ஆகும்? விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியது உறுதியானால் இங்கிலாந்துக்குள் பத்து ஆண்டுகள் வரை நுழைய முடியாது. கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து ஆண்டுத் தடை.

நேர்மையாகப் படித்தும் கோட்டை விடுவது எங்கே?

மோசடிக்காரர்களிடம் சிக்காதவர்களும் உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. மாதக்கணக்கில் கேட்டும் மார்க் ஏறவில்லையா? பயிற்சி செய்யும் விதத்தைப் பாருங்கள்.

சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்ப்பது முதல் பொறி. கண் படித்துக்கொண்டே போகும், காது தூங்கிவிடும். நாம் ‘புரிந்துவிட்டது’ என்று நம்பிக்கொண்டிருப்போம். புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி நான்கு தடவை கேட்டுவிட்டு விடை எழுதுவது அடுத்த பொறி. அந்த மார்க்கை நம்பித் தேதி குறித்தால் தேர்வறையில் கை நடுங்கும்.

நம் காதுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. தமிழில் ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக ஒலிப்போம். ஆங்கிலேயர்கள் ஒரு அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். நாம் ‘கம்ஃபர்டபிள்’ என்று காத்திருக்க, ஆடியோவில் ‘கம்ஃப்டபுல்’ ஓடிப்போயிருக்கும். ‘தர்ட்டீ’னா, ‘தர்ட்டி’யா என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி கடந்துவிடும். போன் நம்பரில் ‘டபுள் ஃபோர்’ என்றதும் ஒரு 4-ஐ மட்டும் எழுதிவிட்டு நிற்பவர்கள் எத்தனை பேர்!

வேண்டுமென்றே வைக்கும் கண்ணியும் இருக்கிறது. ஒருவர் ‘ட்யூஸ்டே ஈவினிங்?’ என்பார். நாம் அவசரமாக எழுதுவோம். மற்றவர், ‘ஐ வொர்க் லேட் ஆன் ட்யூஸ்டேஸ், தர்ஸ்டே இஸ் பெட்டர்’ என்பார். விடை வியாழன். முதலில் காதில் விழுந்ததை எழுதியவருக்குப் பூஜ்யம்.

கடைசியில் ஒரு ‘எஸ்’ விட்டாலும் போச்சு. ‘டிக்கெட்ஸ்’ என்பதை ‘டிக்கெட்’ என்று எழுதினால் தவறு. ‘அக்காமடேஷ’னில் இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’. ஒன்றை விட்டாலும் மார்க் கிடையாது. இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதாதே என்று போட்டிருந்தால் மூன்றாவது வார்த்தை மொத்த விடையையும் கெடுக்கும். 40-க்கு 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7 பேண்ட். 29-ல் நின்றால் பெரும்பாலும் 6.5. ஒரே ஒரு ‘எஸ்’ஸில் ஒரு சீட் கை நழுவும்.

ஓஇடி எழுதும் நர்ஸ்களுக்கு லிஸ்னிங்கில் மொத்தம் 42 கேள்வி. அதில் 24, நோயாளியிடம் மருத்துவரோ நர்ஸோ பேசுவதைக் கேட்டுக் குறிப்பு நிரப்பும் முதல் பகுதியிலேயே வந்துவிடும். வார்டில் தினமும் எழுதிய மருந்துப் பெயரும் நோய்ப் பெயரும்தான் என்று அசட்டையாக இருக்காதீர்கள். நமக்குப் பழகிய உச்சரிப்பில் அவை வராது.

இப்படிச் செய்யுங்கள்

ஒரு பகுதியை நிறுத்தாமல் ஒரே தடவை கேட்டு எழுதுங்கள். திருத்துங்கள். தவறிய இடத்தை மட்டும் எழுத்து வடிவம் பார்க்காமல் மறுபடி கேளுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிடுங்கள். ஒலி பிடிபடவில்லையா, வார்த்தையே தெரியாதா, ஸ்பெல்லிங்கா, கவனம் சிதறியதா? காரணத்தை நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாளில் உங்கள் ஓட்டை எது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். தினமும் ஒரு நிமிட ஆடியோவைக் கேட்டு வார்த்தை விடாமல் எழுதிப் பழகினால், விழுங்கப்பட்ட அசைகள் மெல்லப் பிடிபடும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி அதிகாரபூர்வ இணையதளங்களில் மாதிரித் தேர்வுகள் இலவசம். பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலீஷ்’, பிபிசியின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ இரண்டிலும் ஆடியோவோடு எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் பயிற்சித் திட்டங்களைத் தாட்கோ அறிவித்திருக்கிறது; செங்கல்பட்டு மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள். அதிகாரபூர்வத் தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், நீங்களே செய்யுங்கள்.

‘லீக்’ ஆசாமிக்கு ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சாட் பதிவுகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பாஸ்போர்ட், ஆதார் நகல் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் சொல்லுங்கள்.

தேர்வுக் கட்டணமே பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. எனவே முழு மாதிரித் தேர்வில் தொடர்ந்து தேவையான மார்க் வந்த பிறகு தேதி குறியுங்கள். ‘இந்த இன்டேக் போயிடும், நம்மகிட்ட ஒரு வழி இருக்கு’ என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த இன்டேக் போனால் போகட்டும். ஆறு மாதத்தில் இன்னொன்று வரும். பத்து ஆண்டுத் தடை விழுந்துவிட்டால், எந்த ஏஜென்ட்டும் போனை எடுக்க மாட்டார்.