ட்ரோன் படத்தில் சிவப்பு தெரிந்தால் உடனே யூரியா போடலாமா?

ட்ரோன் எடுத்த பயிர்நலப் படத்தில் உங்கள் நெல் வயலின் சில பகுதிகள் சிவப்பாக இருக்கின்றன. 'அங்கே தழைச்சத்து குறைவு' என்கிறார் படம் எடுத்தவர். யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன், குறை பயிரிலா, கேமராவிலா என்று பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் படத்தின் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழும். சென்சாரில் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளும் ஒரே வெளிச்சத்தை ஒரே அளவாகக் காட்டுவதில்லை. பயிரின் பசுமையைச் சொல்லும் என்.டி.வி.ஐ. குறியீடு, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. இரண்டிலும் ஓரம் ஒரே அளவு மங்கினால் கணக்கில் அது அடிபட்டுப் போகும். ஆனால் பல ட்ரோன் கேமராக்களில் இரண்டுக்கும் தனித்தனி லென்ஸ், தனித்தனி சென்சார். மங்கும் அளவும் வேறுபடும். அதனால் சீராக வளர்ந்த பயிர்கூடப் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியலாம். ட்ரோன் பறந்த திசையிலேயே நேர்நேராகப் பட்டை தெரிந்தால் கேமராவைச் சந்தேகியுங்கள். உண்மையான சத்துக்குறை பெரும்பாலும் மேடு பள்ளம், வாய்க்கால், மண் மாற்றத்தை ஒட்டியே வரும்.

இதைச் சரிசெய்ய, சீராக வெளிச்சம் படும் வெள்ளைப் பரப்பைக் கேமராவால் படமெடுப்பார்கள். எந்தப் புள்ளி எவ்வளவு மங்கலாகப் பதிகிறது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த அளவைக் கொண்டு மற்ற படங்களைக் கணினி திருத்தும். உங்கள் செல்போனிலும் பார்க்கலாம்: வெள்ளைத் தாளை லென்ஸை ஒட்டிப் பிடித்து, மேகமூட்டமான வானத்தை நோக்கி ஒரு படம் எடுங்கள். மூலைகள் சற்றுக் கறுத்திருக்கக்கூடும். (செல்போன் தானே திருத்திக்கொள்வதால் வித்தியாசம் லேசாகத்தான் தெரியும்.)

அடுத்தது, ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு தெரிந்த சாம்பல் நிற அட்டை. பறக்கும் முன்பும் இறங்கிய பின்பும் அதைப் படமெடுத்தார்களா என்று கேளுங்கள். அட்டையில் தூசியோ ஆள் நிழலோ விழக்கூடாது. வெயிலும் மேகமும் மாறி மாறி வந்த நாளில் எடுத்த படத்தை அட்டை மட்டும் காப்பாற்றாது; வேறு நாளில் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்குங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடல் நிழலில், முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை ஒப்பிடுங்கள். சிவப்பாகக் காட்டிய இடத்தில் 10 இலை, பச்சையாகக் காட்டிய இடத்தில் 10 இலை. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் இருந்தால் அந்த இடத்துக்கு யூரியா தேவை. இரண்டு இடமும் ஒன்றுபோல இருந்தால், படத்தைத் திருத்தித் தரும்படி ட்ரோன்காரரிடம் கேளுங்கள்.