கரன்ட் எந்தச் சுருதியில் பாடும், தெரியுமா?

ஆறே கம்பி. சுருதி சேர்த்து முறுக்கியதும் ஒரு ஸ்டீல் கம்பி கிட்டாரை இழுக்கும் மொத்த விசை எவ்வளவு தெரியுமா? சுமார் 70 கிலோ! ஓர் ஆளையே தொங்கவிட்ட மாதிரி!

தந்தி வாத்தியம் வடசென்னைக்குப் புதுசா? தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் பிறந்த ஊரே திருவொற்றியூர்தான்! குருநாதரும் இங்கே வந்து, இவ்வூர் அம்மன் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடிவிட்டுப் போயிருக்கிறார்!

சரி, இங்கே வீட்டில் கிட்டாரை ஸ்டீரியோவில் பதிவது எப்படி? முதலில் காதைக் கவனிப்போம். வலப்பக்கச் சத்தம் இடது காதுக்கு எவ்வளவு தாமதமாக வரும்? ஆயிரத்தில் ஒரு நொடிகூட இல்லை! அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே மூளை திசை சொல்லிவிடும். ஸ்டீரியோ என்ற மாயத்தின் ஒரு முக்கிய ரகசியம் அதுதான்!

ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1931! ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளில் பரவியது 1958-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942-ல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தபோது வயது 38தான்! காப்புரிமைகளோ 128!

தமிழுக்கு? 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானபோது ஊரே காது கொடுத்தது. 1982-ன் 'இளைய நிலா' கிட்டார் யார் கைவண்ணம் தெரியுமா? ஆர். சந்திரசேகர்! ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

மைக்கை எங்கே வைப்பீர்கள்? கிட்டாரின் ஓட்டைக்கு நேராகவா? ஐயோ! பெரிய கிட்டார்களில் அந்த ஓட்டைக் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் 'பூம்' என்று அதிரும்! ஒரு மைக் 12-வது ஃபிரெட் பக்கம், ஓர் அடி தள்ளி. இன்னொன்று பிரிட்ஜ் பக்கம். தீர்ந்தது!

எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையத்து மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அதன் இரைச்சல் இரட்டிப்பிலும் கேட்கும், அதாவது 100-ல். கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஸ்வரம்? 98 ஹெர்ட்ஸ்! அதாவது ஒயர் வழியே மைக்கில் ஏறும் 'ம்ம்ம்' இரைச்சல், கிட்டத்தட்ட கிட்டாரின் 'ஜி'! அதை வெட்டப் போனால் ஸ்வரமும் சேர்ந்தே அடிபடும்! லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள், பல நேரம் பாதித் தொல்லை போய்விடும்.

துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரியோ ரொம்ப நல்ல பிள்ளை! ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் உறுமினால் 30 ஹெர்ட்ஸ். கிட்டாரின் அடி ஸ்வரமே 82! எனவே 75-க்குக் கீழே கத்தரி போட்டால், உறுமலின் பெரும்பகுதி காலி! கிட்டாருக்குக் கீறல்கூட இல்லை! (ஹாரன் அடித்தால் மட்டும் நான் பொறுப்பல்ல.)

ஒரே வாசிப்பைக் காப்பி எடுத்து இடமும் வலமும் போட்டால் ஸ்டீரியோ ஆகுமா? ஆகவே ஆகாது! நடுவில்தான் நிற்கும்! இரண்டாம் தடவை கையால் வாசித்தே ஆகவேண்டும். அந்தச் சின்னச் சின்னப் பிசகுதான் அகலமாகக் கேட்கும்!

மாசித் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் இடமும் வலமும் ஒன்றாகிவிடும், தெரியுமா? அப்படிச் சேரும்போது, கிட்டாரிலிருந்து இரண்டு மைக்குக்கும் உள்ள தூரம் 17 சென்டிமீட்டர் வேறுபட்டால் போதும், சுமார் 1000 ஹெர்ட்ஸ் ஒலி தன்னைத்தானே விழுங்கிவிடும்! தப்பிக்க வழி? இரண்டு மைக் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரி விலக்கி வையுங்கள். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும், கூம்பிலும் முழுசாகக் கேட்கும்!