கையில் ஒரு தழும்பு: ரி-கலம் காசநோயை அறியும் விதம்

பிறந்ததும் போடும் ஊசி

இலங்கையில் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி 1949ஆம் ஆண்டிலிருந்து போடப்பட்டு வருகிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் சாட்டியில் வாழும் ஒரு தாயின் குழந்தைக்கும் அது வைத்தியசாலையை விட்டு வீட்டுக்கு வருமுன்பே இடது மேற்கையில் ஏற்றப்படுகிறது. சில வாரங்களில் அந்த இடம் சிறு கட்டியாகி, உடைந்து, ஆறித் தழும்பாகும். கட்டியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. குழந்தையின் ரி-கலங்கள் ஊசியிலுள்ள வலுவிழந்த பற்றீரியாவை இனங்கண்டு வேலை செய்வதன் அடையாளம் அது. எண்ணெயோ மருந்தோ பூசாமல் விடுவதே நல்லது. ஆறு மாதமாகியும் தழும்பு தெரியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்ட வேண்டும்.

உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி

நுரையீரலுக்குள் புகும் காசநோய்ப் பற்றீரியாவைக் காவற்கலங்கள் விழுங்குகின்றன. ஆனால் அது சாகாமல், விழுங்கிய கலத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகும். இரத்தத்தில் சுற்றும் பிறபொருளெதிரிகளுக்கு அங்கே வழியில்லை. ஆகவே, உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே அறியும் ஒருவகைக் கலம் உடலுக்குத் தேவைப்படுகிறது. அதுதான் ரி-கலம்.

விழுங்கிய கலம் பற்றீரியாவின் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஏறக்குறைய 13 முதல் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை, எச்.எல்.ஏ. என்ற தன் சொந்தப் புரதத்தின் பள்ளத்தில் வைத்து, மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. ரி-கலத்தின் வாங்கி அல்பா, பீற்றா என்ற இரண்டு சங்கிலிகளால் ஆனது. அதன் நுனி அந்தத் துண்டையும், அதைத் தாங்கும் எச்.எல்.ஏ.யையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்கிறது. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ரி-கலம் அசையாது. நிர்ப்பீடனவியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. 1974இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பீற்றர் டொஹேர்ட்டியும் றொல்ஃப் ஸிங்கர்நாகலும் இதைக் காட்டினார்கள். 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பொருத்தம் சரியானால் சிடி3 என்ற துணைப் புரதங்கள் செய்தியைக் கலத்தின் உள்ளே கடத்துகின்றன. ரி-கலம் பலவாகப் பெருகி, இன்ரபெரோன் காமாவைச் சுரக்கிறது. அதன் பலத்தில்தான் காவற்கலம் தனக்குள் இருக்கும் கிருமியைக் கொல்கிறது.

பயிற்சி

மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் ரி-கலங்கள் முதிர்கின்றன. பரம்பரை அலகுகளின் துண்டுகள் மாறிமாறிச் சேர்வதால் கலத்துக்குக் கலம் வாங்கி வேறுபடும். சொந்த உடலைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

மன்ரூ பரிசோதனை

உடல் காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்ததா என்று அறிய, முன்கைத் தோலில் ரியூபர்குலின் என்ற அக்கிருமியின் புரதச் சாற்றைச் சிறிதளவு ஏற்றி, 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவப்பு கணக்கில்லை, தடிப்பே கணக்கு. கிருமியை முன்பே அறிந்த ரி-கலங்கள் அவ்விடத்தில் வந்து கூடுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். பிசிஜி போட்டவருக்கும் தடிப்பு வரலாம். அதனால் தடிப்பு மட்டுமே நோய்க்குச் சான்றாகாது.

காவல் தளரும்போது

பிசிஜி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து நன்றாகக் காக்கிறது. வளர்ந்தோரின் நுரையீரலுக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. எச்.ஐ.வி. ரி-கலங்களையே அழிக்கிறது, நீரிழிவும் போசாக்கின்மையும் புகைத்தலும் எதிர்ப்பைக் குறைக்கின்றன. தீவகத்தில் இருமலுக்குக் கடற்காற்றின் மேல் பழிபோட்டு நாளைக் கடத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்; அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம்.